மடங்காத வால்

எந்தப் பொருளையும் விரலால் தடவிப் பாராமல் அந்தப் பெண் மெக்கானிக் ஒரு முடிவுக்கும் வருவதில்லை. சூடா, சொரசொரப்பா, பிசுக்கா என்று கை சொன்ன பிறகே வாய் திறப்பாள்.

காலை 7.10. அவளுடைய அக்காள் கணவரின் மாவு மில் முற்றத்தில், அவள் நிறுவிய சிறு காற்றாலை கருகிக் கிடந்தது. முந்தைய மாலைச் சூறைக்காற்றில் சக்கரம் கட்டுமீறிச் சுழன்று, மின்சுருள் எரிந்து, கம்பமே சாய்ந்திருந்தது.

"நிறுவியதில் பிழைன்னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடும்மா," என்றார் விபத்தைப் பார்க்க வந்த மின் ஆய்வாளர். போட்டால் அவளுடைய உரிமம் அன்றோடு ரத்து.

"போட மாட்டேன் சார். காத்து மிஞ்சினா இதோட வால் தன்னால மேலேறி மடங்கும். சக்கரம் முகத்தைத் திருப்பிக்கும். கரண்ட் எல்லை தாண்டாது. மூணு வருஷமா அப்படித்தான்."

"நேத்து மடங்கலையே?"

"அதுக்குப் பதில் கிடைக்காம பேனாவைத் தொட மாட்டேன்."

"பிடிவாதத்துல அக்காவுக்கேத்த தங்கச்சி!" என்று சிரிக்க முயன்றார் அத்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

7.30. வாலின் கீலைத் தடவினாள். மசகு இருந்தது; தடையின்றி அசைந்தது. வால் நுனியில் மட்டும் விரலகலத்துக்கு வர்ணம் தேய்ந்திருந்தது. கயிறு உரசிய தடம்.

7.45. மில்லுக்குள் நுழைந்தாள். தராசருகே வரிசையாக இரும்பு எடைக்கற்கள். தினமும் கைபட்டு வழவழத்தவை. ஐந்து கிலோக் கல்லில் அவள் விரல் நின்றது.

"அத்தான், மில்லுக்குள்ள எப்ப மழை பெஞ்சுது?"

"என்ன உளர்றே?"

"இது ஒண்ணுதான் துருப்பிடிச்சிருக்கு. மேல காக்கா எச்சம் வேற. காக்கா மாவரைக்க வந்துச்சா?"

ஆய்வாளர் குனிந்து பார்த்தார்.

"பெருங்காத்துல கரண்ட் கூடுதலா எடுத்து, ரெண்டு அரவை மெஷினையும் சேர்த்து ஓட்ட ஆசைப்பட்டு, இந்தக் கல்லை வால்ல கட்டியிருக்கீங்க. கனத்துல வால் எழும்பல. சக்கரம் காத்தை விட்டு விலகல. கம்பம் சாஞ்சதும் கல்லை அவுத்தீங்க, துருவை மறந்துட்டீங்க. சரிதானே?"

அத்தான் தலை தாழ்ந்தது. "நீ ஊர்ல இல்லாத பதினஞ்சு நாள்தான்மா... இப்படி ஆகும்னு நெனைக்கல."

"என் பேர் கெடறப்ப பேசாம நின்னீங்களே!"

அவர் ஆய்வாளரிடம் புதுத்தாள் கேட்டு வாங்கினார். 'வாலில் எடை கட்டியவன் நானே. நிறுவியதில் பிழையில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பின் வாசலுக்குப் போய், டப்பாக்களோடு காத்திருந்தவர்கள் அனைவரும் கேட்க அதை உரக்கப் படித்தார்.

திரும்பி வந்து தாளை மைத்துனியிடம் நீட்டினார். அவள் கையெழுத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"மை இன்னும் காயல. காயட்டும், நான் காத்திருக்கேன். அதுக்குள்ள கம்பத்தை நிமிர்த்த ஆள் கூப்பிடுங்க. கயிறு பிடிக்கிற முதல் கை உங்களோடது."

அத்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார்.