நலம் என்றால் ஒரு விசில்

மூன்றாவது விசிலில் அக்கா குக்கரை இறக்கி வைத்தாள். அடுப்பையும் அணைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் இன்னும் இரண்டு விசில் கேட்டது. சமையலறையிலிருந்து அல்ல, கொல்லைப்புறத்தில் தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து.

"கேட்டுச்சாக்கா?" என்றான் தம்பி.

"எது?" என்றபடி அவள் வெங்காயத்தை நறுக்கினாள்.

அவளுக்குக் கேட்காது. ஒரு மாதமாக அவனுக்கு மட்டும்தான் கேட்கிறது. பேருந்தில் இரண்டு விசில் கொடுத்தால் வண்டி கிளம்பும். அவன் வேலை பார்த்த எண்ணெய் ஆலையில் இரண்டு விசில் வந்தால் ஆளை உடனே மேலே இழுக்க வேண்டும். தொட்டி கழுவ இறங்குகிறவன் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். கெட்ட காற்று நெஞ்சை அடைத்தால் கத்த முடியாது, விசிலுக்கு மட்டும் கொஞ்சம் மூச்சு மிஞ்சும். மேலே கயிற்றோடு நிற்கிறவன் அவ்வப்போது ஒரு விசில் கொடுப்பான். பதிலுக்கு ஒன்று வந்தால் நலம். இரண்டு வந்தால் இழு.

அன்று உள்ளே இருந்தவர் அத்தான், அக்காவின் கணவர். மேலே நின்றவன் இவன். இரண்டு விசில் வந்தது. கைப்பேசியில் ஆட்டம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. "இருங்க அத்தான், வர்றேன்" என்று முனகினான். மறுபடியும் இரண்டு, பாதி சத்தம், பாதி வெறுங்காற்று. ஆட்டம் முடிந்து கயிற்றை இழுத்தபோது மேலே வந்தது பிணம்.

"ஒரு விசில்தாங்க வந்துச்சு" என்று விசாரணையில் கல்லுளிமங்கன் மாதிரி சாதித்தான். அக்காவிடமும் அதையேதான் சொன்னான். அந்த ஒரு விசிலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இன்னும் உயிரோடு நடமாடுகிறாள். "அவரு கஷ்டப்படலதானே தம்பி?" என்று தினமும் கேட்பாள். தினமும் தலையாட்டுவான், வெட்கங்கெட்டவன்.

"தண்ணி நாறுதுடா. இன்னிக்குத் தொட்டியக் கழுவிடு" என்றாள். "நான் மேல நிக்கிறேன்."

மாட்டேன் என்றால் ஏன் என்பாள். கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

சுவரில் மாட்டியிருந்த அத்தானின் விசிலை எடுத்துவந்து தன் கையாலேயே அவன் கழுத்தில் போட்டாள். "இது இருக்கட்டும். அவரே கூட இருக்கிற மாதிரி." அவனுடைய விசிலைத் தான் வைத்துக்கொண்டாள்.

இரண்டு ஆள் ஆழம். நட்டநடு மதிய வெயில் தொட்டியின் வாயோடு நின்றுவிட, இடுப்புக் கயிற்றைப் பிடித்து வழுக்கும் சுவரில் காலை ஊன்றி ஊன்றி இறங்கியவன், கணுக்கால் அளவு சேற்றில் நின்று மூச்சை இழுத்தபோது பாசி நாற்றம் வரவில்லை. எண்ணெய் நாற்றம் வந்தது. பின்னால் மூலையில் சேறு ஒருமுறை களக் என்றது. அவன் திரும்பவில்லை.

மேலே அக்கா ஒரு விசில் கொடுத்தாள்.

"அக்கா..." குரல் எழவில்லை. நெஞ்சை யாரோ மிதிப்பது போலிருந்தது. கால் துவண்டது. கயிற்றை இழுத்துப் பார்க்கக் கையில் வலுவில்லை. விசிலை வாயில் வைத்தான். ஈரமாக இருந்தது, இப்போதுதான் இன்னொரு வாயிலிருந்து எடுத்த மாதிரி.

ஊதினான். இரண்டு முறை.

வெறும் காற்று.

அப்போது மூலையிலிருந்து வந்தது. ஒரே ஒரு விசில். நீளமாக. நிதானமாக.

"சரிடா தம்பி!" அக்காவின் குரலில் அப்படி ஒரு நிம்மதி. "வெயில் மண்டையப் பொளக்குது. நான் நிழல்ல நிக்கிறேன்."

செருப்புச் சத்தம் நகர்ந்தது. மறுபடி ஊதினான். இரண்டு. இரண்டு. காற்று.

சற்றுத் தள்ளி மேலே இன்னொரு விசில் கேட்டது. அக்கா பதிலுக்குக் காத்திருந்தாள்.

அவன் உதட்டிலிருந்து விசில் மெதுவாகக் கழன்றது. தோளுக்கு மேலே போனது. பின்னால் போனது. கழுத்துக் கயிறு இறுகியது.

காதருகே யாரோ மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்கள்.