சுருங்கும் விரிசல்

விரிசல் சுருங்கியிருந்தது.

வெர்னியர் அளவியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் இன்னொரு தடவை பார்த்தாள். இருபத்து நான்கு மில்லிமீட்டர். இரண்டு மாதத்துக்கு முன் வந்துபோன சர்வேயர் இதே பென்சில் கோட்டின் மேல் அளந்து கோப்பில் எழுதியிருந்தது முப்பத்தொன்று. எந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று முடிவெடுத்துக் கையெழுத்துப் போடுவதுதான் பதினெட்டு வருஷமாக அவள் உத்தியோகம். படத்திலும் நேரிலுமாக ஆயிரக்கணக்கான விரிசல்களைப் பார்த்தவள். விரிசல் அப்படியே நிற்கும், இல்லாவிட்டால் பெரிதாகும். களிமண் பூமியாக இருந்து மழையும் பெய்தால் மண் ஊறிக் கொஞ்சம் மூடிக்கொள்வதுண்டு. இங்கே மண் மணல். மழை பெய்து நாலு மாதம் ஆகிவிட்டது.

"பழைய ஆளு தப்பா அளந்திருப்பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன குரல் அந்தக் கூடத்தில் தேவைக்கு அதிகமாகக் கேட்டது.

சுவர் கூடத்தின் கடைசியில் இருந்தது. தரையிலிருந்து கூரை வரை, மின்னல் கீறியது போல் வளைந்து வளைந்து ஏறியிருந்தது விரிசல். அதன் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. பக்கத்தில் போனால் ஒரு வாசனை வந்தது, நீண்ட நாள் மூடி வைத்த தண்ணீர்த் தொட்டியைத் திறக்கும்போது வருமே, அந்தக் குளிர்ந்த ஈர வாசனை. அதற்குள்ளே லேசாக இன்னொன்றும் இருந்தது. குழந்தைகளுக்குப் போடும் பவுடர்.

வீட்டுக்காரி ஒரு தையல்காரி. தெருவில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள் என்பதால் வாசல் வெளிச்சத்தில் மெஷினைப் போட்டுக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். வந்தவளைப் பார்த்து, "உக்காருங்க மேடம்" என்றதோடு சரி. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பதற்குத் தெருவில் ஒன்றும் இல்லை. பதினைந்து வீட்டில் பதின்மூன்று பூட்டிக் கிடந்தன. மூன்று வீடுகள் ஒரு பக்கமாக, தூக்கத்தில் தலை சாய்ந்தவர்கள் போல, மண்ணுக்குள் இறங்கி நின்றன.

முன்பெல்லாம் தீ, புயல், வெள்ளம், திருட்டு, இவ்வளவுதான் இன்சூரன்ஸ் தொழிலுக்குப் பயம். இப்போது காலுக்கடியில் இருக்கிற பூமியையே நம்ப முடியவில்லை. ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு நீரை உறிஞ்சியாயிற்று. ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியாயிற்று. மழையோ பெய்யவேண்டிய மாதத்தில் பெய்யாமல், பெய்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறது. மண்ணுக்கடியில் எங்கே பொந்து விழுந்திருக்கிறது என்று எந்தப் பழைய கணக்கும் சொல்வதில்லை. அதனால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தெருவுக்கும் ஆபத்துக்குத் தக்கபடி ஒரு நிறம் கொடுத்துவிடும். இந்தத் தெரு இப்போது கருஞ்சிவப்பு. காப்பீடு இல்லாத வீடுகளை இந்த மாதக் கடைசியில் இடித்துவிடப் போவதாக நகராட்சி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இந்த ஒரு வீட்டுக்காரர்கள் மட்டும் பாலிசியைப் புதுப்பிக்கக் கேட்டு ஏழு தடவை எழுதிவிட்டார்கள். முடியாது என்று சொல்வதற்கும் யாராவது நேரில் பார்த்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. சர்வேயர் வேலையை விட்டுவிட்டார். அவள் வந்தாள்.

மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

"சார், இங்க விரிசல் குறைஞ்சிருக்கு."

"குறைஞ்சிருக்கா? அப்ப பிரீமியத்தையும் குறைங்கன்னு நிப்பாங்க. மேடம், அந்தத் தெருவையே கை கழுவப் போறோம். நாலு போட்டோ எடுத்துட்டு இருட்டுறதுக்குள்ள கிளம்புங்க."

சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. மறுபடி அளவியை வைத்திருந்தாள்.

இருபத்து இரண்டு.

வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

இதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் ஒரு நல்ல அதிகாரி செய்யக்கூடியதுதான். சுவரின் மறுபக்கத்தைப் பார்க்க வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். கோப்பிலிருந்த பழைய வரைபடத்தில் அங்கே ஒரு பின்னறை இருந்தது. படுக்கையறை, பத்துக்குப் பன்னிரண்டு. நேரில் அறை இல்லை. அது இருந்த இடத்தில் லாரி மணல் கொட்டி நிரப்பிய சதுரம் ஒன்று, ஒரு புல்கூட முளைக்காமல், ஓரத்தில் லேசாகக் குழிந்து கிடந்தது. அந்தச் சுவர் இப்போது வெளிச்சுவராக வெறுமனே நின்றது. மேலிருந்து கீழ்வரை கையால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. இந்தப் பக்கம் விரிசலே இல்லை.

ஒன்பது அங்குலச் சுவர். உள்ளே ஒரு விரல் நுழையும் பிளவு. வெளியே ஒரு கீறல்கூட இல்லை.

உள்ளே வந்து இரும்பு டேப்பை எடுத்தாள். ஆழம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் போதும், எழுதிவிட்டுப் போய்விடலாம். டேப்பின் நுனியை விரிசலுக்குள் விட்டாள். ஒன்பது அங்குலம் போயிற்று. ஒரு அடி போயிற்று. எதிலும் இடிக்காமல், உரசும் சத்தம்கூட இல்லாமல், மூன்று அடி, நான்கு அடி. மணலாவது தட்டுப்படவேண்டும். ஆறு அடி. அவள் கை தள்ளுவதை நிறுத்தியது.

டேப் போய்க்கொண்டிருந்தது.

வேகமாக இல்லை. நூல்கண்டைப் பிடித்து விளையாடும் குழந்தை மாதிரி, கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மறுபடி கொஞ்சம். அவள் சட்டென்று கையை விட்டாள். டேப் பெட்டி விரிசலின் வாயில் வந்து டக்கென்று மோதி, அங்கேயே தொங்கி, ஆடி, நின்றது.

தையல் மெஷின் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"காபி போடவா மேடம்?" தையல்காரி பின்னால் நின்றாள்.

"வேண்டாங்க." எதையாவது கேட்கவேண்டும், வேலையாக வந்தவள் கேட்கும் எதையாவது. கோப்பைப் பிரித்தாள். "வீட்டுல குடியிருக்கிறவங்க நாலு பேருன்னு எழுதியிருக்கீங்க. நீங்க ரெண்டு பேர்தானே இருக்கீங்க?"

"நாலு பேர்தான். நான், அவரு, பாப்பா, என் கொழுந்தன்."

"அவங்க எங்க?"

"உள்ள இருக்காங்க."

கூடத்துக்கு அந்தப் பக்கம் சமையல் மேடை. அதையடுத்துக் குளியலறை, கதவு திறந்தே கிடந்தது. வேறு 'உள்ளே' எதுவும் அந்த வீட்டில் இல்லை.

தையல்காரி அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து வந்தாள். மடிப்பு மடிப்பாகப் பல தடவை பிரித்துப் படித்த தாள். "நாங்க போன வருஷமே வேற வீடு பாத்து அட்வான்ஸ் பேசிட்டோம் மேடம். சுவர் சத்தம் போடுதுன்னு பாப்பா ராத்திரியெல்லாம் அழுவா. அப்பத்தான் உங்க ஆபீஸ்லருந்து இது வந்துச்சு. தெரு பச்சை, வீடு குடியிருக்கத் தகுந்ததுன்னு. இவ்வளவு பெரிய கம்பெனி சொல்லுது, அப்புறம் என்னன்னு இருந்துட்டோம். கீழ இருக்கிற கையெழுத்து உங்களோடதுதானே?"

அவளுடையதுதான். வால் நீண்ட அந்தக் கடைசி எழுத்தை வேறு யாரும் அப்படிப் போடமாட்டார்கள். அந்த வாரம் நானூறு தெருக்களுக்கு அவள் கையெழுத்துப் போட்டாள். கம்ப்யூட்டர் பச்சை காட்டியது. ஒரு தெருவைக்கூட அவள் போய்ப் பார்க்கவில்லை.

"அது நடந்து எட்டு மாசமாச்சு. மத்தியானம், பாப்பா பின்னாடி ரூம்ல தூங்கிட்டு இருந்தா. தரை இறங்குற சத்தம் கேட்டதும் கொழுந்தன்தான் முதல்ல ஓடினான். ரெண்டு பேரையும் மண்ணு வாங்கிக்கிச்சு. மூணு நாள் தோண்டினாங்க. ஒரு செருப்புகூட கிடைக்கலை." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. "சுவரும் அன்னைக்கே விழுந்திருக்கணும், எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. விழலை. அவங்க புடிச்சிட்டு இருக்காங்க."

"யாரு?"

"ரெண்டு பேரும்தான். எங்க மேல விழுந்துடக் கூடாதுன்னு. ஆனா பாப்பா சின்னப் பிள்ளை மேடம், எவ்வளவு நேரம்தான் புடிச்சிட்டு இருப்பா? கை ஓஞ்சு போறப்ப விரிசல் பெருசாகுது. புதுசா யாராச்சும் வந்தா குஷியாயிடுவா. இழுத்துப் புடிச்சுக் காட்டுவா. அதான் இன்னைக்கு அளவு குறையுது."

மெக்கானிக் படியிலிருந்து எழுந்து உள்ளே வந்தான். வாசல் கதவைச் சாத்தினான். கொண்டி போடும் சத்தம் மெதுவாக, கவனமாக, தூங்கும் வீட்டில் போடுவது போல் கேட்டது. கூடத்தில் மிச்சம் இருந்தது ஜன்னலின் சாம்பல் வெளிச்சம் மட்டும்.

"நான் கையெழுத்துப் போட்டுடறேங்க" என்றாள். பேனாவைத் திறந்தாள். "இப்பவே போட்டுடறேன். பாலிசி வந்துரும். வீட்டை இடிக்கமாட்டாங்க."

"போடலாம் மேடம். அதுக்கு முன்னாடி பாருங்க." தையல்காரி அவள் முழங்கையைத் தொட்டாள், மிக மரியாதையாக. "போன தடவை பாக்காமலே போட்டுட்டீங்க."

மெக்கானிக் கதவோரம் நின்றான். அவன் முகம் தெரியவில்லை. மூச்சு கேட்டது. அழுகிற மூச்சு.

அவள் போனில் டார்ச்சைப் போட்டாள். சுவருக்கு நாலு அடி. மூன்று. பவுடர் வாசனை இப்போது ஈரத்தை அமுக்கிக்கொண்டு வந்தது. எங்கோ ஆழத்தில் ஒரு முனகல், கனத்தைத் தூக்குகிறவர் பல்லைக் கடித்து விடும் முனகல். மேலேயிருந்து சுண்ணாம்புப் பொடி அவள் தலையில் உதிர்ந்தது. தொங்கிக்கொண்டிருந்த டேப் பெட்டி தானாக அசைந்தது.

வெளிச்சத்தைத் தூக்கினாள்.

விரல்கள்.

இடுப்பு உயரத்தில் சின்ன விரல்கள், நகத்தில் பாதி உரிந்த சிவப்புச் சாயம். விரிசலின் இரண்டு விளிம்பையும் உள்ளேயிருந்து பற்றி, கணுக்கள் வெளுக்க இழுத்துக்கொண்டு. அதற்கு மேலே பெரிய விரல்கள், ஆண்பிள்ளைக் கை, மணல் அப்பியது. அத்தோடு முடியவில்லை. டார்ச் ஏற ஏற இன்னும் விரல்கள். கிழட்டு விரல்கள். வளையல் நெரிந்த ஒரு மணிக்கட்டு. தலைக்கு மேலே, கூரை வரை, ஜோடி ஜோடியாக. இந்த ஒரு வீட்டில் இத்தனை பேர் இருந்திருக்க முடியாது. தெருவில் சாய்ந்து நின்ற வீடுகள் நினைவுக்கு வந்தன. நானூறு தெருக்கள்.

எல்லா விரலும் நடுங்கின. களைப்பில்.

"பாப்பா" என்றாள் தையல்காரி, கொஞ்சும் குரலில். "இவங்கதான்."

நடுக்கம் நின்றது.

முனகலும் நின்றது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு விரல்கள் நகர ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக. செங்கல்லை விடாமல், சுரண்டிக்கொண்டு, மேலே இருந்தவை இன்னும் மேலே, கீழே இருந்தவை இன்னும் கீழே. பேருந்தில் புதிதாக ஏறியவருக்கு நெருக்கி உட்கார்ந்து கொடுப்பது போல.

நடுவில் இடம் விட்டன. சரியாக அவள் தோள் உயரத்தில். இரண்டு கை வைக்கிற அளவுக்கு.