வெளியே போ

காலை ஆறு மணிக்கு அன்றைய சொற்கள் நீக்கப்பட்டன. காதுக்குள் எறும்பு ஊர்வதுபோல் ஒரு கூச்சம். அவ்வளவுதான்.

நிலவின் தென்முனையில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் சேருகிற ஒவ்வொருவருக்கும் காதோரம் ஒரு சில்லு பொருத்துவார்கள். அது காதையும் கண்ணையும் கவனித்துக்கொள்ளும். புண்படுத்துவதாக நிர்வாகம் நீக்கிய சொல்லை யார் பேசினாலும் காதில் விழாது. எழுதினாலும் தெரியாது. அந்த இடத்தில் ஒரு வெறுமை மட்டும் இருக்கும். மாணவர்கள் அதைப் பள்ளம் என்றார்கள்.

உணவுக்கூடத்தில் தினமும் இதே விளையாட்டு.

"இன்னிக்கு எது போச்சுடா?"

"நேத்து உன்னைக் கூப்பிட்ட வார்த்தையா இருக்கும். கேளு." வாய் அசைந்தது.

"ஒண்ணும் விழல."

"அப்ப அதுதான்."

பக்கத்து மேசையில் தமார் சிரிக்கவில்லை. முந்தின வாரம் அவளுடைய தலைக்கவசத்தில் யாரோ கறுப்பு மையால் எழுதியிருந்தார்கள்.

யூதச்சி, வெளியே போ.

தமார் சென்னையில் வளர்ந்தவள். கொச்சியிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். வளாகத்தில் அவள் ஒருத்திதான் யூதர். அதுவரை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பூமியில் அப்போது ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. அதை எதிர்த்து மாணவர்கள் மாலையில் நடைகூடத்தில் பலகை பிடித்து நின்றார்கள். தமாரின் அறைத்தோழி கோதையும் நின்றாள். தமார் அதில் சேரவில்லை. குறை சொல்லவும் இல்லை.

வெளியே போ என்பது சென்னையில் வசவு. இங்கே வெளியே காற்று கிடையாது. அதனால் கோபத்தில்கூட யாரும் யாரையும் அப்படிச் சொல்வதில்லை. சண்டை முற்றினால் "உள்ளேயே கிட" என்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. வெளியுடையின் பூட்டு பின்கழுத்தில் இருந்தது. போட்டிருப்பவரின் கை அங்கே எட்டாது. கூட வருகிற இணைதான் பூட்ட வேண்டும். சரியாகப் பூட்டாவிட்டால் காற்று கசிந்துவிடும். வகுப்பில் யார் யாருக்கு இணை என்பது ஒவ்வொரு முறையும் குலுக்கலில் மாறும். யாரும் யாரையும் நம்ப வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

பல்கலைக்கழகம் முதலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. எல்லா வகை வெறுப்பையும் வன்மையாகக் கண்டிக்கிறோம் என்று அதில் இருந்தது. தமார் நல்லிணக்க அலுவலர் கோமதிநாயகத்தைப் போய்ப் பார்த்தாள்.

"எந்த வகைன்னு போடலையே சார்."

"எல்லா வகைன்னு போட்டா உன்னோடதும் அதுல வந்துரும்லா."

"அறிக்கை வேணாம் சார். எழுதினது யாருன்னு கண்டுபிடிங்க. அது போதும். நாளைக்கு அந்தக் கை என் கழுத்துப் பூட்டுல இருக்கும்."

அவர் கெட்ட மனிதர் அல்லர். அவளுக்குத் தேநீர் வரவழைத்தார்.

"கேமராப் பதிவைத் திறக்கணும்னா எல்லாரோட அந்தரங்கமும் திறக்கும். லேசுல குடுக்க மாட்டாங்க. ஒண்ணு செய். பலகை பிடிக்கிற புள்ளைங்க மேல சந்தேகம்னு ஒரு வரி எழுதிக் குடு. மேல உள்ளவங்க அந்தக் கூட்டத்தையே கலைச்சிருவாங்க."

"அவங்கதான்னு எனக்குத் தெரியாதே."

"தெரியணும்னு இல்லம்மா."

தமார் எழுதவில்லை. தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். எழுதியவர் யார் என்று தெரியும்வரை வெளியே போவதில்லை என்று ஆசிரியரிடம் சொன்னாள். பாடத்துக்காக வெளியே வெட்டியெடுக்கும் பனிக்கட்டி மாதிரிகளை அவளுக்காக மற்றவர்கள் எடுத்துவந்தார்கள்.

கவசத்தைத் துடைக்கவும் விடவில்லை. அது சாட்சியம். மாற்றுக் கவசமும் இல்லை. ஒவ்வொரு தலைக்கும் அளவெடுத்து ஒன்றுதான் பூமியிலிருந்து வரும்.

விசாரணைக் குழு பூமியில் கூடியது. வாசகத்தை இரண்டாகப் பிரித்து ஆராய்ந்தது. முதல் சொல் வெறுப்பைக் காட்டுகிறது என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை. அடுத்த இரண்டும் வீட்டில் எல்லோரும் சொல்வதுதான். தன் மகனிடம் தானே தினமும் சொல்வதாக ஓர் உறுப்பினர் குறிப்பிட்டார். அவர் வீட்டு வாசலுக்கு வெளியே ஒரு வேப்பமரமும் பேருந்து நிறுத்தமும் இருந்தன.

மறுநாள் காலை அந்த முதல் சொல் நீக்கப்பட்டது. எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அதன் வேரில் பிறக்கும் எல்லாச் சொற்களும் சேர்ந்து போயின. தமார் கவசத்தை எடுத்துப் பார்த்தாள். ஒரு பள்ளம் இருந்தது. அதற்குப் பிறகு, வெளியே போ.

அன்று அம்மா பூமியிலிருந்து பேசினாள். "இந்த வருஷமும் நீ இல்லாம பண்டிகை. நாம எங்க இருந்தாலும்..." என்று சொல்லி ஒரு பள்ளம் விழுந்தது. பிறகு "தானே" என்றாள். "ஆமாம்மா" என்றாள் தமார்.

அவள் மறுபடி கோமதிநாயகத்தின் அறைக்குப் போனாள்.

"எழுதினதை நீங்க எடுக்கல சார். மிரட்டல் அப்படியே இருக்கு."

"இப்ப அது யாரைச் சொல்லுதுன்னே இல்லையேம்மா. பொதுவான அறிவிப்பு மாதிரில்லா இருக்கு. அவசர வழின்னு எழுதி வைப்பாங்களே, அது மாதிரி."

"என்னைத்தான் சொல்லுது. ஏன்னா நான்..." அவள் உதடு அசைந்தது. இருவருக்கும் எதுவும் கேட்கவில்லை.

"எனக்குப் புரியுது," என்றார் அவர். "ஆனா பதிவுக்கு வராதே. உன் புகாரைப் பாரு. இன்ன பிரிவைச் சேர்ந்தவள் என்பதால்னு எழுதியிருக்க. அந்த இடம் காலியா இருக்கு. பூமிக்குப் போற நகல்லயும் நீக்கின சொல் இருக்காது. பிரிவு குறிப்பிடலன்னு குழு அதைத் தள்ளிருச்சு."

"நான் குறிப்பிட்டேன்."

"இல்லைன்னு யாரு சொன்னா?"

ஒரு தரப்பின் சொல்லை மட்டும் நீக்கினால் சமநிலை கெடும் என்று குழுவுக்கு அடுத்துத் தோன்றியது. போரில் இருந்த நாடுகளின் பெயர்களை எடுத்தார்கள். குண்டு விழுந்த ஊர்களின் பெயர்களை எடுத்தார்கள். நடைகூடத்தில் மாணவர்கள் வெற்றுப் பலகைகளைப் பிடித்து நின்றார்கள். கடந்துபோனவர்கள் ஏதோ விளம்பரத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார்கள்.

அன்று அறைக்கு வந்ததும் கோதை பலகையைக் கட்டிலில் எறிந்தாள்.

"சந்தோஷமா?"

"நான் இதைக் கேக்கலடி."

"தெரியும். ஆனா நீ கேட்டதுக்குத்தான இது கிடைச்சுது."

"நான் கேட்டது ஒரு ஆளை."

"எங்ககிட்ட இருந்து போனது செத்தவங்க ஊர்ப் பேரு."

தமார் பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். பிறகு கோதை, "ஒருவேளை நான்தான் எழுதினேன்னு நினைக்கிறியா?" என்றாள்.

"இல்ல."

"கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொன்ன."

"இப்பல்லாம் எல்லாரையும் யோசிக்கிறேன் கோதை. நீ மட்டும் இல்ல."

கோதை மறுநாள் வேறு அறைக்கு மாறினாள். சண்டை எதுவும் இல்லை. துணி காயப்போட அங்கே இடம் அதிகம் என்று எல்லோரிடமும் சொன்னாள்.

ஆண்டு முடிவில் பூமியிலிருந்து பாராட்டு வந்தது. வெறுப்புப் புகார் ஒன்றுகூட இல்லாத வளாகம் அது ஒன்றுதானாம். மற்ற பல்கலைக்கழகங்கள் வழிமுறையைக் கேட்டு எழுதின. பேரரங்கில் கேடயத்தைத் தூக்கிக் காட்டினார்கள். தமாரும் கை தட்டினாள். தட்டாதவர்களைச் சில்லு குறித்துக்கொள்ளும் என்று பேச்சு இருந்தது. அது உண்மையா என்று யாரும் விசாரித்ததில்லை.

புகார் முடிந்துவிட்டதால் அவள் வெளியே போகாமல் இருப்பதற்குக் காரணமும் இல்லாமல் போனது. இனி ஒவ்வொரு முறையும் அது வராத கணக்கில் சேரும். இந்தப் பருவம் தன் கையால் மாதிரி எடுக்காவிட்டால் பட்டம் இல்லை. அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். தமார் கவசத்தை எடுத்துக்கொண்டு வெளிவாசலை ஒட்டிய அழுத்தறைக்குப் போனாள்.

குலுக்கலில் முகிலன் வந்திருந்தான். வகுப்பில் அதிகம் பேசாதவன். கேட்டால் கருவிகளை இரவல் தருவான். பலகை பிடித்தவர்களோடு அவனை அவள் பார்த்ததில்லை. மற்றவர்களோடும் பார்த்ததில்லை. அவனைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"குளிருதா?" என்றான்.

"இல்ல."

"கவசத்தை இறுக்கிக் கட்டிப்பிடிச்சிருக்க, அதான் கேட்டேன்."

அவள் கவசத்தை மாட்டிக்கொண்டு திரும்பி நின்றாள். முதலில் அவன் பூட்டை அவள் பூட்டியிருந்தாள். இப்போது அவன் முறை. உள் கதவு மூடிக்கொண்டது. அவனுடைய கை பின்கழுத்தில் பட்டது. வழக்கத்தைவிடச் சற்று நேரம் அங்கேயே இருந்தது. தடித்த கையுறைக்குள் இருக்கிற விரல் என்ன செய்கிறது என்று கழுத்துக்குத் தெரியாது.

அறையிலிருந்து காற்று வெளியேறத் தொடங்கியது. இனி சில்லின் வழியாகத்தான் பேச முடியும்.

"சரி," என்றது அவன் குரல். பிறகு ஒரு பள்ளம். நீளமான பள்ளம், ஒரு சொல் அளவுக்கு மேல் இருந்தது.

அன்று காலை நீக்கிய ஏதோ விளையாட்டுச் சொல்லாக இருக்கலாம். அவளுக்காக வருந்தி எதையாவது சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதற்கும் இப்போது சொல் கிடையாது. தமாரால் தலையைத் திருப்ப முடியவில்லை. முன்னால் வெளிக்கதவின் விளக்கு பச்சைக்கு மாறியது.

"முகிலன், இப்ப என்ன சொன்ன?"