கூடு கட்டக் கூடாத நாற்பது புழுக்கள்

திங்கட்கிழமை, காலை 7.10. ஈ வளர்ப்பு அறையைத் திறந்த ஆய்வு மாணவி கையிலிருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே போட்டாள். அவளுடைய நாற்பது புழுக்களையும் காணோம். கண்ணாடிக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு, பழுப்பாக நாற்பது கூட்டுப்புழுக்கள் இருந்தன.

புழு கூடு கட்டுவதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். இவை கட்டக் கூடாதவை. கருவிலேயே உடம்பில் எந்தப் பகுதி எங்கே வரவேண்டும் என்று வகுக்கிற மரபணு ஒன்று உண்டு. வீட்டைக் கட்டிய கொத்தனார் வேலை முடிந்தும் போகாமல், அடுக்களையில் அடுப்புப் பற்றவைக்க நின்றுவிட்ட மாதிரி, அதே மரபணு பிற்பாடு ஒரு சின்னச் சுரப்பியில் உட்கார்ந்து கொலஸ்டிராலிலிருந்து ஸ்டீராய்டு ஹார்மோன் செய்ய வைக்கிறது. இது மாணவியின் கண்டுபிடிப்பு. அந்த ஹார்மோன் சுரந்தால்தான் புழு கூடு கட்டும். சுரப்பியில் மட்டும் அவள் மரபணுவை அணைத்திருந்தாள். பன்னிரண்டு நாளாக அவை தின்று கொழுத்து, புழுவாகவே உருண்டன. பிற்பகல் இரண்டு மணிக்கு வெளியிலிருந்து தேர்வுக் குழு வருகிறது. ஆறு வருட உழைப்பு. "இன்னுமா படிக்கிறே?" என்று கேட்டுக் கேட்டுச் சொந்தக்காரர்களே ஓய்ந்துவிட்டார்கள்.

7.25க்குள் அவள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். கஞ்சி அக்கா. ஈக்களுக்கு மாவும் சர்க்கரையும் காய்ச்சி ஊற்றுகிற தற்காலிக ஊழியர். கணவர் இடுப்பொடிந்து படுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் உலை கொதிப்பதே இந்தச் சம்பளத்தில்தான். வெள்ளிக்கிழமை கடைசியாக அறையைப் பூட்டியவரும் அவரே. குழாய்களைக் கொட்டிவிட்டு, அதை மறைக்கப் பக்கத்துத் தட்டிலிருந்து சாதாரணப் புழுக்களைத் திருடி வைத்துவிட்டார் என்று மாணவி நடைபாதையில் நின்று, நாலு ஆய்வகத்துக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். "திருடி" என்ற சொல்லும் வந்தது. கதவிடுக்குகளில் தலைகள் முளைத்தன. ஒரு தலையும் வாய் திறக்கவில்லை.

7.40. பேராசிரியர் வந்தார். ஐம்பத்தெட்டு வயது. மூன்று மாதமாக லிஃப்டைத் தொடாமல் படியேறுகிறவர். சட்டைக் கைகளைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொள்கிறவர். இந்த வயதில் இதெல்லாம் யாருக்காக என்று மாடியில் பாதிப் பேருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. குழாய்களைப் பார்த்தார். முகம் வெளுத்தது. அழுகிற கஞ்சி அக்காவிடம் அலமாரி, டப்பா எல்லாவற்றையும் கழுவி வைக்கச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 9.00 மணிக்கு வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

9.20. கடிதத்தைக் கொடுத்துக் கஞ்சி அக்காவை வாசல்வரை கொண்டுபோய்விட வேண்டிய பாதுகாப்பு அதிகாரி வந்தார். காவல்துறையில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த அம்மாள். பட்டப்பெயர் எக்ஸ்ரே. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாணவியிடம் திரும்பினார்.

"இது உன் புழுவா, மாத்தி வச்சதான்னு எப்படிக் கண்டுபிடிப்பே?"

"நீல விளக்குல வச்சா என்னோடது பச்சையா மின்னும் மேடம். அடையாளத்துக்கு அப்படிச் செஞ்சிருக்கேன்."

"வச்சுப் பார்த்தியா?"

மாணவி வைத்துப் பார்க்கவில்லை. ஆறு வருடமாக எதையும் நுண்ணோக்கியில் வைக்காமல் நம்பாதவள், இன்று கோபத்தை மட்டும் நம்பியிருந்தாள்.

9.45. விளக்கைப் போட்டார்கள். நாற்பதும் பச்சை. கஞ்சி அக்கா மூலையில் நின்றார். மாணவியால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

ஆக, திருட்டு இல்லை. சுரப்பி செய்யாத ஹார்மோன் வெளியிலிருந்து புழுவின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. ஆய்வகத்தில் இருந்த ஒரே ஹார்மோன் சீசா, உறைபெட்டியில் முத்திரை உடையாமல் இருந்தது. எக்ஸ்ரே கஞ்சி அக்காவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துக் கேட்டார். வெள்ளிக்கிழமை சாயந்தரம் எப்போதும்போல ஈஸ்ட் விழுதுதான் வைத்தாராம். ஈஸ்ட் டப்பா தீர்ந்துவிட்டதால் மேல்தட்டிலிருந்து வேறொன்றை எடுத்தாராம். விழுது கொஞ்சம் பாசிநிறமாக இருந்ததாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

"அந்த டப்பாவைக் கழுவிட்டீங்களா?"

"சார் சொன்னாருங்க. எனக்குத்தான் கையே ஓடல."

டப்பா வந்தது. மூடியில் தேதி. புது டப்பா பிரித்தால் தேதி எழுதுவது கஞ்சி அக்காவின் வழக்கம். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

"என் எழுத்துதாங்க. ஆனா இது எப்பவோ தீர்ந்து ஓரமாப் போட்ட டப்பா."

11.15. எக்ஸ்ரே பேராசிரியரின் மேஜையில் டப்பாவை வைத்தார். காலையில் எல்லோரும் திருடி மாற்றி வைத்த புழுவைப் பற்றித்தான் பேசினார்கள், சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அப்படியிருக்க டப்பாவைக் கழுவச் சொல்லத் தோன்றியது ஒரே ஒருவருக்குத்தான் என்றார். யார் என்று சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

பேராசிரியர் மூடியைத் திருகித் திருகி மூடினார். டப்பாவில் இருந்தது, தான் உடற்பயிற்சிக் கூடத்தில் வாங்கிய பொடி என்றார். பசலைக்கீரைச் சத்து, தசை ஏறும் என்றார்களாம். தன்னைத் தின்ன வரும் பூச்சியைக் குழப்ப, பூச்சியின் ஹார்மோனையே செய்து வைத்திருக்கிற கீரை அது. வகுப்பில் வருடாவருடம் அதைச் சொல்லிக்கொடுக்கிறவரே அவர்தான். வீட்டில் வைத்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அறையில் வைத்தால் மாணவர்கள் சிரிப்பார்கள். பழைய டப்பாவில் கொட்டி மேல்தட்டில் ஒளித்தார். காலையில் குழாய்களைப் பார்த்ததுமே புரிந்துவிட்டதாம்.

"நாலு பேர் சிரிப்பாங்கன்னு ஒரு குடும்பத்துச் சோத்துல கையெழுத்துப் போட்டீங்களா சார்?"

எக்ஸ்ரே கடிதத்தை எடுத்து நீட்டினார். பேராசிரியர் தன் கையாலேயே அதைக் கிழித்தார்.

மாணவியின் ஆய்வுக்குக் கேடு ஒன்றும் இல்லை. ஹார்மோனைக் கொடுத்ததும் புழு கூடு கட்டியது என்றால், மரபணுவை அணைத்ததால் குறைந்துபோனது அந்த ஹார்மோன் ஒன்றுதான் என்று ஆகிறது. இன்னும் பலமான முடிவு. அவளுக்குச் சந்தோஷப்படத்தான் தைரியம் வரவில்லை. பேராசிரியரும் அவளும் கஞ்சி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கப் போனார்கள். கஞ்சி அக்கா அறைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"திருடின்னு சொன்னப்போ எல்லாரும் இருந்தாங்க. இதையும் எல்லாரும் இருக்கறப்போ சொல்லுங்க."

2.00 மணி. கூடம் நிறைந்திருந்தது. தேர்வுக் குழுவின் முன்னால் பேராசிரியர் எழுந்து பொடியைச் சொன்னார், டப்பாவைச் சொன்னார், கையெழுத்தைச் சொன்னார். பொடி என்றபோது பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். கையெழுத்து என்றபோது அந்தச் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அடுத்து மாணவி. காலையில் வீசிய சொல்லை இப்போது அவளே மறுபடி உச்சரிக்க வேண்டியிருந்தது. கஞ்சி அக்காவைத் திருடி என்றது தவறு, விளக்கில் வைத்துப் பார்க்காமலே சொன்னது என்றாள்.

கஞ்சி அக்கா கடைசி நாற்காலியில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். பிறகு, ஈக்களுக்கு ஊற்றுகிற நேரமாயிற்று என்று எழுந்தார். கதவோரம் நெருக்கியடித்து நின்றவர்கள் காலையில் கதவிடுக்கில் முளைத்த அதே தலைகள். தரையைப் பார்த்தபடியே வழிவிட்டார்கள்.