கள்ளிச் சதையில் மின்னிய மணிகள்

1923-ஆம் வருஷம் மழை ஏமாற்றிவிட்டிருந்தது. அந்தக் கோடையில் மல்லசமுத்திரத்து ரங்கன், சேலத்தில் சண்முகவேலின் வாசலில் வந்து நின்றான். சண்முகவேல் ரசாயன ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; சிக்கலான வழக்கென்றால் அழையாமலே மூக்கை நுழைப்பார்.

“தங்கச்சி மயிலம்மாளைப் புடிச்சுட்டாங்க சாமி. மாப்பிள்ளை மருதாசலம் வயித்துலே கண்ணாடித் தூள் இருந்துச்சாம். அவதான் கூழுலே கலந்தான்னு மாப்பிள்ளையோட அண்ணன் சின்னுசாமி பிராது குடுத்துட்டாரு. தூக்குலே போட்டுருவாங்களாம்.”

“வீட்டில்தான் சாப்பிட்டாரா?”

“ராத்திரிக்கு ஒரு வாய்தானுங்க. பகல்லே பண்ணாடி ஊட்டுக் கிணத்து வேலை. அங்கேயே கூழு ஊத்தறாங்கன்னு சொல்லுவாரு.”

“அண்ணன்தான் குற்றவாளி. நிலத்தின் மேல் ஆசை,” என்றான் உதவியாளன் சுப்பையன். அவனுக்குத் தீர்ப்பு சொல்ல அவ்வளவு அவசரம்.

ஊரில் சுப்பையன் காலடித் தடம் தேடித் தேடி அலுத்துப்போனான். சண்முகவேலோ நிலக்காரரான பண்ணாடியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மருதாசலத்தின் மாட்டுத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். முள்ளைச் சுட்டு நறுக்கிய சப்பாத்திக்கள்ளி மட்டைகள் அதில் கிடந்தன. வைக்கோல் தீர்ந்தபின் ஊரே மாடுகளுக்கு அதைத்தான் போட்டது. ஒரு துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

போலீஸ் நிலையத்தில், பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் மைக்ராஸ்கோப்போடு காத்திருந்தார்; சின்னுசாமியும் இருந்தார். வளையல் இல்லாத வெறுங்கையோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள் மயிலம்மாள். சப்-இன்ஸ்பெக்டர் வளையல் துண்டுகளை மேசைமேல் கொட்டினார்.

“ஆட்டுக்கல் அருகே எடுத்தோம். அடக்கத்துக்கு மறுநாள்.”

“சின்னுசாமி, இவள் வளையலை எங்கே உடைத்தீர்கள்?” என்று கேட்டார் சண்முகவேல்.

“அடக்கத்தன்னிக்கு, அந்த ஆட்டுக்கல்லு மேலதானுங்க,” என்றவர் தலையைக் குனிந்துகொண்டார். தாலி வாங்கும் சடங்கின் சில்லுகள் கொலைச் சாட்சியாகிவிட்டன என்பது சுப்பையனுக்கே அப்போதுதான் உறைத்தது.

சண்முகவேல் வளையல் தூளில் திராவகம் விட்டார். அது கரையவில்லை. வயிற்றிலிருந்து எடுத்த மினுமினுப்புத் தூளில் விட்டார். நுரைக்காமல், மெல்லக் கரைந்து மறைந்தது.

“கண்ணாடி கரையாது. சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் நுரைத்திருக்கும். டாக்டர், மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்.”

டாக்டர் முதலில் வயிற்றுப் பொருளைப் பார்த்தார். பிறகு கள்ளித் துண்டைப் பார்த்தார். “இரண்டிலும் அதே மணிகள். முள்முள்ளாக, நெருஞ்சிக்காய் மாதிரி,” என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது.

“கள்ளி தன் சதைக்குள் சேர்த்துவைக்கும் உப்பு அது. மருதாசலம் மாட்டுத் தீனியைத் தின்றிருக்கிறார். வற்றிய குடலில் நார் அடைத்துக்கொண்டது. பண்ணாடி வீட்டில் கூலி மட்டும்தான். கூழ் ஊற்றுவதே இல்லை. வீட்டுக் கூழ் பிள்ளைகளுக்கு மிஞ்சட்டும் என்று பொய் சொல்லியிருக்கிறார். இங்கே கொலைகாரர் யாரும் இல்லை.”

சுப்பையனுக்கு வெற்றிக் களிப்பு வரவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். “உன்னை விட்டாச்சு, ஊட்டுக்குப் போம்மா.”

மயிலம்மாள் எழுந்திருக்கவில்லை.

“கண்ணாடின்னே எழுதிக்குங்க சாமி. நான் செயிலுக்குப் போறனுங்க. எங்க வயித்துக்கு ஊத்திப்போட்டு அப்பன் மாட்டுத் தீனியத் தின்னு செத்தாருன்னு எம்புள்ளைக காதுலே விழுந்தா, அதுக எப்படிங்க இனிச் சோத்துலே கை வெக்கும்?”

சப்-இன்ஸ்பெக்டர் சண்முகவேலின் முகத்தைப் பார்த்தார்.