செத்தவர் வைத்த ரேகை

காலை பத்தேகால்.

கம்ப்யூட்டர் அறையில் போன் அலறியது!

எடுத்தாள். அந்த பம்ப் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு முழுக்க அவள் பொறுப்பு.

"எம்.டி. ரூமுக்கு ஓடி வா!" மேனேஜர். முதலாளியின் தங்கை கணவர். "லாகின் லிஸ்ட்ல ஸ்டோர்ஸ் பெரியவர் இருக்கார்! பத்து அஞ்சுக்கு உள்ள நுழைஞ்சிருக்கார்!"

"எந்தப் பெரியவர் சார்?"

"நம்ம பெரியவர்தான்!"

பெரியவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது...!

எம்.டி. அறை. நெற்றியைத் தேய்த்தபடி முதலாளி. நின்றுகொண்டே கொதிக்கும் மேனேஜர். ஃபைலோடு இன்சூரன்ஸ் அதிகாரி. கம்ப்யூட்டர் திருட்டுக்கு ஈடு தரும் சைபர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்டா, இல்லையா என்று இன்று சொல்ல வந்தவர். இல்லையென்றால் பெரிய ஆர்டர் கைநழுவும்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆளுக்கு ஒரு ஐடி. பாஸ்வேர்டுக்கு மேல விரல் ரேகை. ஆள் போனா அன்னிக்கே ஐடியை மூடணும். இந்த மூணும் இல்லாம பாலிசி கிடையாதும்மா."

"மூணும் இருக்கு சார்."

"கிழிச்சே!" மேனேஜர் சீறினார். "புது பம்ப் டிராயிங் மொத்தமும் போச்சு! இந்தா, கையெழுத்துப் போடு!"

ஒரு தாள் மேஜையில் வழுக்கி வந்தது.

'என் கவனக்குறைவுக்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்கிறேன்...'

படித்தாள்.

"போட மாட்டேன்."

"என்னது?!"

"பத்தே நிமிஷத்துல திருட்டைக் கண்டுபிடிச்சு, ராஜினாமா டைப் அடிச்சு, பிரிண்டும் எடுத்துட்டீங்க. உங்க வேகம் எனக்கு வராது சார்!"

முதலாளி நிமிர்ந்தார்.

"இவளைப் பேச விடாதீங்க மச்சான்! முதல்ல அந்த ஐடியை அழிக்கச் சொல்லுங்க!"

"அழிக்கவும் மாட்டேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பெரியவர் போன அன்னிக்கே அவர் ஐடியை மூடிட்டேன். ஆனா அவர் பாஸ்வேர்டை எழுதி கீபோர்டுக்கு அடியில ஒட்டி வெச்சது ஆபீஸுக்கே தெரியும். யாராவது கை வைப்பாங்கன்னு தோணுச்சு. அதே பேர்ல, அதே பாஸ்வேர்டுல ஒரு பொம்மை ஐடி வெச்சேன். உள்ள இருக்கறது எல்லாம் வேணாம்னு ஒதுக்கின பழைய டிராயிங்!"

அதிகாரியின் பேனா நின்றது.

"அப்போ... ஒண்ணும் போகலையா?"

"குப்பை போயிருக்கு சார்."

மேனேஜருக்கு வியர்த்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது...!

"எ... எடுத்தது எவன்னு எப்படித் தெரியும்? பேர் செத்தவரோடது!"

"பேர் அவரோடது. பாஸ்வேர்டு அவரோடது. ரேகை?" லேப்டாப்பைத் திருப்பினாள். "அந்த ஐடி 'பழைய ரேகை இல்லை, புதிதாக வைக்கவும்'னு கேட்கும். அவசரத்துல ஒருத்தர் வெச்சுட்டார். தினமும் கேட்ல அட்டென்டன்ஸுக்கு வைக்கிற அதே பெருவிரல்!"

திரையில் இரண்டு ரேகைகள். நடுவில் பச்சை டிக். கீழே ஒரு போட்டோ.

முதலாளி போட்டோவைப் பார்த்தார். தங்கை கணவரைப் பார்த்தார்.

இரண்டும் ஒரே முகம்!

"மாப்பிள்ளை..." முதலாளி எழுந்தார். "எந்தக் கம்பெனிக்கு விக்கறதா இருந்தீங்க?"

மேனேஜர் கதவைப் பார்த்தார்.

அதிகாரி ஃபைலை மூடினார். "பாலிசி தரலாம்னு எழுதிக்கறேன் சார்."

அவள் ராஜினாமாத் தாளை மேனேஜர் பக்கம் தள்ளினாள்.

"வாசகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேரை மட்டும் மாத்திக்கோங்க. பேனா தேட வேணாம் சார்... உங்களுக்குத்தான் கைநாட்டு பழக்கமாச்சே!"