சிப்பி வாடை அடித்த பீர்

தென் சிலியின் வால்டிவியா ஊரில் மழைக்கு ஒதுங்குகிறவர்கள் பெரும்பாலும் காப்பிக்கடையாகப் பார்த்துத்தான் நுழைவார்கள். காஸ்பார் அன்று நுழைந்தது, வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கான சாமான் கடை. சட்டையில் படகுப் பட்டறையின் பெயர். சும்மா நிற்கக் கூச்சப்பட்டானோ என்னவோ...

"தானியத்துல இருந்து பீர் காய்ச்சணும். முதல் தடவை. என்னென்ன வேணும்?"

கல்லாவில் இருந்த மில்லராய் நிமிர்ந்தாள். நனைந்த இமைகள்... இன்ஜின் கழற்றுகிறவனுக்கு இவ்வளவு நீள இமை எதற்கு என்று நினைத்தாள்.

அவன் கை ஓர் எஃகு அண்டாவின் மேல் போனது.

"அதை விடுங்க. மால்ட்டை, அதான் முளைகட்டின தானியத்தை, வெந்நீர்ல சூடு ஆறாம ஊற வைக்க ஐஸ்பெட்டி, ஒரு வலைப்பை, தெர்மாமீட்டர், புளிக்க வைக்க மூடி போட்ட வாளி. போதும்."

"கொதிக்க வைக்க?"

"வீட்ல புல்மாய் அண்டா இல்லையா?"

சிப்பியையும் புகைபோட்ட பன்றிக்கறியையும் ஊரைக் கூட்டி வேகவைக்கிற அண்டா. தெற்கே அது இல்லாத குடும்பம் ஏது?

"அத்தை வீட்ல இருக்கு. அலுமினியம், அம்பது லிட்டர்."

"அப்புறம் என்ன? காசைக் கரியாக்காதீங்க."

"சாமானை விக்காம விரட்டுற கடைக்காரியை இப்பத்தான் பாக்குறேன்."

"ரொம்ப உருகாதீங்க. தெர்மாமீட்டர் விலை ஜாஸ்தி."

அதன்பின் வாரத்துக்கு இரண்டு சந்தேகம் அவனுக்கு. அறுபத்தாறு டிகிரியா, அறுபத்தெட்டா? ஐஸ்பெட்டிக் குழாய் ஒழுகினால்? அவளும் சளைக்காமல் சொன்னாள். மழை பிடித்தால் அவள் கண் தானாகக் கதவுக்குப் போனது. கேட்டிருந்தால் இல்லையென்று சாதித்திருப்பாள்.

ஏழு வாரம் கழித்து ஒரு பாட்டிலோடு வந்தான். அவள் ஒரு வாய் குடித்தாள். சிப்பி... பின்னாலேயே பன்றிக்கறிப் புகை. முழு விருந்தும் கிளாஸுக்குள் இருந்தது.

கடையில் நாலைந்து பேர். எல்லோரும் அவளிடம் யோசனை கேட்கிறவர்கள்.

"அண்டாவை ஒழுங்காத் தேய்ச்சீங்களா?"

"மூணு தடவை."

"பத்தாது. தப்பு உங்க மேலதான்."

அவன் "சரிங்க" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மூன்று வாரம் மழை வந்தது, அவன் வரவில்லை. பொறுக்காமல், தன் வீட்டுப் புல்மாய் அண்டாவை ஐந்து முறை தேய்த்து அதில் மால்ட் ஊறிய நீரைக் கொதிக்கவிட்டாள். அதே சிப்பி வாடை. அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தான் பீர் காய்ச்சும் எஃகு அண்டாவை மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆற்றோரப் பட்டறைக்கு நடந்தாள். உள்ளே அவன் தனியாக இருந்தான்.

"தப்பு என் மேல" என்றாள், அண்டாவை இறக்கி வைத்து. "அந்த அண்டா போதும்னு சொன்னவ நான்தான். பழைய அலுமினியத்துல கொழுப்பு ஊறிக் கிடக்கும். தேய்ச்சாப் போகாது. நாலு பேர் முன்னால ஒத்துக்க வாய் வரலை. இது உங்களுக்கு. மூணு வாரமா உங்களைத் தேடுது... எனக்கு."

அவன் குனிந்து அண்டாவின் விளிம்பைத் தடவினான். அவளே கேட்டாள்.

"அந்த இருபது லிட்டர் பீரையும் கொட்டிட்டீங்கல்ல?"

"குடிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா? வாயில வைக்க முடியாதே..."

"முடியலைதான். கடைசி பாட்டில் நேத்துதான் முடிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு?"

அவன் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"வலைப்பையில இருந்து வாளி வரைக்கும் ஒவ்வொண்ணா நீங்க பார்த்துக் கொடுத்தது... கொட்ட மனசு வரலை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க."